வெளுத்த கரை

நீ மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் நேர் கீழே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஒரு தளமும் பதினாறு படிகளும்தான். ஏறி வந்து சொல்லியிருக்கலாம். மூன்று முறை ஏறினேன். முதல் முறை, "டூத் பேஸ்ட் வெச்சியா?" என்று கேட்டுவிட்டு இறங்கினேன். இரண்டாம் முறையும் அதையே கேட்டேன். மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "வெச்சுட்டம்பா. நீ கேட்ட கேள்விக்கு ரெண்டு தடவ பல்லுகூட வெளக்கிட்டேன்" என்றாய். இந்த வாய் யாரிடமிருந்து வந்திருக்கிறது என்று உன் அம்மா அலுத்துக்கொண்டால் என் பக்கம் கை காட்டு. வாயை வைத்தே பிழைத்தவன் நான். அந்த வாய்க்கு வராத ஒன்று இருக்கிறது. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

விஷயம் அந்தப் படம்தான். போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது என் பழைய சி.டி. ஒன்று உனக்குக் கிடைத்தது. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, அதிலிருந்த தேவகி அத்தையின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். "செம்மப்பா! அந்தக் காலத்துலயே எப்டிப்பா பண்ண? அத்தைக்கு மச்சமே இல்ல பாரு. ஞாயித்துக்கிழமை என்னை அனுப்பி வெக்க வருவாங்க இல்ல, சர்ப்ரைஸா குடுத்துடறேன்" என்றாய். நீ கல்லூரியில் படிக்கப் போவதே இந்தப் படமெடுக்கும் படிப்பு. கேமரா விஷயத்தில் நீ என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. நான் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் வந்திருக்குதுப்பா" என்றேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் பொய்யில் அது கடைசித் தவணை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

உனக்குத் தெரிந்த தேவகி அத்தை, யாராவது போனைத் தூக்கினாலே சமையலறைக்குள் ஓடுகிறவள். எனக்குத் தெரிந்த அக்கா வேறு. காஞ்சிவரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் தறி, பின்னறையில் அவளுடைய மேஜை. பட்டுச்சேலையின் டிசைன் முதலில் கட்டம் போட்ட கிராப் தாளில்தான் பிறக்கும். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. தாளைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறி, எந்த இழை எழும்பலாம், எது படுத்திருக்கலாம் என்று உத்தரவு போடும். அக்கா அந்தத் தாளை வரைகிறவள். இருபத்திரண்டு வயதில் அவள் கைக்குத் தெருவில் மரியாதை இருந்தது. இடது கன்னத்தில் காதோரம் தொடங்கி வாய்க்கோடிவரை, காப்பித்தூள் நிறத்தில், பிறந்ததிலிருந்தே ஒரு பெரிய மச்சம். அதை அவள் ஒருநாளும் கையால் மறைத்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் எவளாவது உற்றுப் பார்த்தால், "இன்னும் கொஞ்ச நேரம் பாத்தீங்கன்னா டிக்கெட் எடுக்கணும்" என்பாள். அவளுடைய பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நாற்பது பேர் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேமராவை நேராக முறைப்பது அவள் ஒருத்திதான்.

நான் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். போனில் கேமரா வராத காலம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த பெரியப்பா மகன் புதுசு வாங்கிக்கொண்டு, தன் பழைய டிஜிட்டல் கேமராவை என்னிடம் தள்ளிவிட்டார். அந்தக் காலத்துக் கேமராக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு வெளிச்சத்தையும் அவை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். டி.வி. ரிமோட்டின் மூக்கை லென்ஸுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை, கேமராத் திரையில் ஒரு பொட்டு மினுக்கியது. போதாதா எனக்கு? மற்ற வெளிச்சத்தையெல்லாம் தடுத்து அதை மட்டும் உள்ளே விடும் கண்ணாடி ஃபில்டர் என்று ஒன்று விற்றது, சென்னைக்குப் போனாலும் நமக்குக் கட்டாது. கழுவிய கலர் பிலிமின் நுனியில் வெளிச்சம் பட்டுக் கன்னங்கரேலென்று ஒரு துண்டு இருக்கும், ஸ்டுடியோவில் வெட்டிக் குப்பையில் போடுவார்கள். அதில் இரண்டைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக லென்ஸின் முன் ஒட்டினேன். ஃபில்டர் ரெடி. ஸ்டாண்டில் கேமராவை வைத்து, நல்ல வெயிலில், மூன்று நான்கு வினாடி அசையாமல் எடுத்தால் படம் விழும்.

முதலில் கோயில் குளக்கரை மரங்களைப் பட்டப்பகலில் எடுத்தேன். இலையெல்லாம் வெள்ளை வெளேரென்று, வானம் கறுப்பாக. அதைப் பிரிண்ட் போட்டுத் தெருப் பையன்களிடம், "விடியக்காலம் பனி கொட்டுச்சு, நீங்கல்லாம் தூங்கிக்கினு இருந்தீங்க. ஊட்டிக்குப் போவணும்னு அழுதீங்களேடா, ஊட்டியே வந்து ஊட்டி வுட்டுடுச்சு பாரு" என்று அளந்தேன். மறுநாள் எதிர்வீட்டுப் பையன் ஸ்வெட்டரோடு வந்தான். அக்கா அந்தப் படத்தை ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு? நம்ம கிராப்புதானேடா இது" என்றாள். இன்றைக்கு நீ பிக்சல் பிக்சல் என்று பேசும் பாடத்தை அவள் நின்ற நிலையில் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் விளையாட்டாக என் கையையே எடுத்தேன். முழங்கைக்குக் கீழே இருக்கும் மச்சம் படத்தில் காணோம். தோலின் கருமை அந்த வெளிச்சத்துக்கு ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது. தோல் முழுக்கப் பால் மாதிரி வழவழப்பாக இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு யார் முகம் நினைவுக்கு வந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அவள் மச்சத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டுப் பேசியதில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலே, அந்த முகத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு பண்ணியவன் நான்.

ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் போட்டோ கேட்டார். ஸ்டுடியோவுக்கு எதற்கு, நான் எடுக்கிறேன் என்றேன். அக்கா தான் வரைந்து முதன்முதலில் தறி ஏறிய சேலையைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தாள். அரக்கு உடல், கரும்பச்சைக் கரை, கரை நெடுக ஜரிகையில் சின்னச் சின்ன மீன்கள். ஸ்டாண்டை நகர்த்தாமல் இரண்டு படம் எடுத்தேன். முதலில் சாதாரணமாக, அப்புறம் ஃபில்டர் போட்டு. "மூச்சு வுடாத, சிரிக்காத" என்றேன். "எதுக்குடா ரெண்டு?" என்றாள். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் மாப்பிளைக்கு" என்றேன். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது, எடுக்கும்போது அது வெறும் சோதனை, பின்னால்தான் புத்தி கெட்டது என்று. இந்த வாரம் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. பின்னால் வேப்பமரம் தெரிந்தால் பனி பெய்த மரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அவளைச் சுவரோரமாக நகர்ந்து நிற்கச் சொன்னேன். ஆக, எடுக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மூன்று நாள் உட்கார்ந்தேன். சாதாரணப் படத்திலிருந்து நிறத்தை மட்டும் எடுத்து, ஃபில்டர் படத்தின் வெளிச்சத்தின்மேல் போர்த்தினேன். நீ கல்லூரியில் முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்வாய், இரண்டு லேயர், ஒரு கிளிக். அக்காவின் முகம் எழுந்து வந்தது. நிறம் அவளுடையதுதான், ஆனால் மச்சம் இல்லை. சேலை மட்டும் வெளுத்துவிட்டது, அந்த வெளிச்சத்தில் பட்டின் சாயமெல்லாம் வெளிறிவிடும். அரக்கை ஒருவழியாகத் திரும்பக் கருக்க வைத்தேன். கரை, பாசிப்பயறு கழுவின தண்ணீர் நிறத்துக்குப் போயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். முகத்தில் ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்த்தவன், நெசவாளி வீட்டுப் பிள்ளை, கரையை விட்டேன்.

பிரிண்டைப் பார்த்து அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "யார்டா இந்தப் பொண்ணு? மச்சம் எங்கடா போச்சு?" "டூர் போயிருக்குது." "அது போவட்டும். கரைய என்னடா பண்ண? என் பச்சை எங்க?" "பொண்ணு பாக்க வர்றவன் கரையையா பாப்பான்?" "காஞ்சிவரமா இருந்தாலும் ஆரணியா இருந்தாலும் கரையத்தாண்டா மொதல்ல பாப்பாங்க" என்றாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது வேணாம்பா. அந்த இன்னொண்ணையே குடு" என்றாள். சரி என்று தலையாட்டினேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறையில் அவளே அந்தச் சாதாரணப் படத்தை வைத்து, ஜாதகத்தோடு சாமி மாடத்தில் வைத்தாள். அப்பா குளிக்கப் போன நேரத்தில் நான் படத்தை மாற்றினேன். பாசம்தான் காரணம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பாசம் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம், இதைச் செய்து யாரும் கண்டுபிடிக்காமல் போனால் எப்படி இருக்கும் என்ற அரிப்பு.

படம் ரொம்பப் பிடித்துவிட்டது என்று ஆரணியிலிருந்து போன் வந்தது. வேன் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் வந்தார்கள். போட்டோவில் கட்டியிருந்த அதே சேலையைக் கட்டச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அதையே கட்டிக்கொண்டு காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களும் தறி வீடு. கண் நேராகக் கரைக்குத்தான் போனது. "ஏம்மா, இது அந்தப் பொடவை இல்லியே? போட்டோல எளம்பச்சைக் கரை. இது கரும்பச்சை. ஆனா மீனு அதே மீனா இருக்குது." கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். "ஒரே டிசைனுல ரெண்டு பொடவையா?" படத்தைத் திருப்பி, சேலைக்கும் அதற்குமாகப் பார்த்தார். அந்தக் கண் கரையிலிருந்து முந்தானைக்கு ஏறியது, முந்தானையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கன்னத்துக்கு. அங்கே நின்றுவிட்டது.

"அப்ப இது? பவுடரு போட்டு மறைச்சீங்களா, கம்ப்யூட்டர்ல அழிச்சீங்களா? யார் வேலை இது?"

அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் காராபூந்தித் தட்டோடு வாசல்படியில் நின்றிருந்தேன். அக்கா அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நான்தாங்க" என்றாள். "நான்தான் அப்டி எடுத்துக் குடுக்கச் சொன்னேன்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருப்பவன் நான், தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அகச்சிவப்பு என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தார்களே, அகம் எப்படிச் சிவக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "மச்சம் இருந்தா இருந்துட்டுப் போவுதும்மா. எங்க வூட்டுல இல்லாததா? மறைச்ச பாரு, அதான் புடிக்கல" என்றார். வேன் கிளம்பிப் போனது. அப்பா அக்காவிடம், "உன்ன இப்டி வளக்கலியேம்மா" என்றார். எனக்கு வர வேண்டிய வார்த்தை, அவள் வாங்கிக்கொண்டாள். என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்தத் தட்ட கீழ வை."

இரண்டு வருஷம் கழித்து உன் மாமாவோடு கல்யாணம் நடந்தது. போட்டோ தரமாட்டேன், வந்து நேரில் பாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டதால் நேரில் வந்து பார்த்தார்கள். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். தாலி கட்டும்போதும், மாலை மாற்றும்போதும் வலது கன்னம்தான். போட்டோகிராபரை அந்தப் பக்கத்திலிருந்து அசையவிடவில்லை. உன் முதல் பிறந்தநாள் படங்களில் அவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள், அவற்றை எடுத்தவளே அவள்தான். நீ விவரம் தெரிந்து ஏன் என்று கேட்டபோது, "உங்க அத்தைக்கும் கேமராவுக்கும் வரப்புத் தகராறு" என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன். புதுமனை புகுவிழாவில் உனக்குப் பன்னிரண்டு வயது. போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அவளைத் துரத்தினாய். அவள் முந்தானையை எடுத்துக் கன்னத்தில் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. உன் செல்லில் தேடினால் இன்னும் அந்த வீடியோ இருக்கும். என் குரலை மட்டும் கேள்.

நீ இனி இதே வேலையைத்தான் செய்யப் போகிறாய். ஃபில்டர் போடாதே, திருத்தாதே என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. குளக்கரை மரத்தில் பனி கொட்ட வை, வானத்தைக் கறுப்பாக்கு, எனக்கும் ஒரு பிரிண்ட் அனுப்பு. அந்த வயதில் நான் எனக்காக ஒரு வாதம் வைத்திருந்தேன். முகத்தில் நான் எதையும் அழிக்கவில்லை, பூசவில்லை, அதுவும் சூரிய வெளிச்சம்தானே, வெளிச்சம் அப்படிக் காட்டினால் என் தப்பா என்று. வாதம் இன்றைக்கும் உடையாது. படத்தில் பொய் இல்லை. உறையைத் திறந்து மாற்றிய கையில் இருந்தது பொய். அவள் 'இது வேணாம்பா' என்று சொன்ன பிறகு மாற்றிய கை. உனக்கு எந்தச் சாமான் கிடைத்தாலும், எதிரில் நிற்கிறவர் வேண்டாம் என்று சொன்னால் அது காதில் விழ வேண்டும். எனக்கு விழுந்தது. விழுந்த பிறகும் செய்தேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் ஏதோ கரைக்குக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நீ பிரிண்ட் போட்டதையும் பரிசு கொடுக்கப் போவதையும் சொன்னேன். வேப்பமரத்திலிருந்து உறைவரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் மவுஸை விடவில்லை.

"ஏன்க்கா அன்னிக்கு நீ ஏத்துக்கின? அப்பா அடிப்பாருன்னா?"

"அடிச்சா அடிச்சிட்டுப் போறாரு. நீ என்ன மண்ணுல செஞ்ச பொம்மையா?" என்றாள். இன்னும் இரண்டு கட்டம் நிரப்பினாள். "நான் அப்டி சொன்னதும், 'இல்ல, நான்தான்'னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்டா. அதுக்கு எடம் வுட்டுத்தான் நிறுத்தினேன். எவ்ளோ நேரம் நிறுத்தினேன் தெரியுமா? நீ காராபூந்திய புடிச்சுக்கினு நின்ன." பிறகு, "மச்சத்துக்காக ஒண்ணும் நான் ஓடல. எவனாவது கேமராவ தூக்கினா எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வருது. அவ்ளோதான்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். "லேட்டுடா" என்றாள். சி.டி.யில் நீ பார்க்காத இன்னொரு ஃபோல்டர் இருந்தது. அன்றைக்கு ஃபில்டர் இல்லாமல் எடுத்த முதல் படத்தை அதிலிருந்து பிரிண்ட் போட்டு எடுத்துப்போயிருந்தேன். அவளிடம் நீட்டினேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாளா தெரியாது. "பச்ச நல்லா வந்திருக்குது" என்றாள். அப்புறம், "மூணாவது மீனுக்கு வாலுல ஒரு கட்டம் தப்பு. இத்தினி வருஷம் தெரியல பாரு" என்றாள். கிராப் தாள்களுக்கு நடுவில் அதை வைத்து மேஜை இழுப்பறையை மூடிவிட்டாள். கிளம்பும்போது, "இதையெல்லாம் பையனுக்கு எழுதட்டுமா? நாலு பேரு படிக்கிற மாதிரி?" என்றேன். "எழுது. என் பேரையும் போடு. படம் மட்டும் போடாத" என்றாள்.

சட்டம் போட்ட அந்தப் படம் உன் மேஜைமேல் பரிசுக் காகிதம் சுற்றிக் கிடக்கிறது. மூன்றாம் முறை ஏறி வந்தபோது பார்த்தேன். நானே எடுத்து ஒளித்திருக்கலாம். சொல்லாமல் படத்தை மாற்றும் வேலையை ஒருமுறை செய்தது போதும். நீயே பிரித்து, நீயே முடிவு செய். ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவாள். உனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, பாவம் என்று பார்க்காதே, துரத்தாதே. ஒருவேளை அவளே வந்து உன் பக்கத்தில் நின்றால் மட்டும் கேமராவை எடு. எந்தக் கன்னத்தைக் காட்டி நிற்கிறாளோ, அந்தப் பக்கமே எடு.